கண்ணாடி ஏற்றிய காரில் கல்யாணப் பாட்டு

குணா அண்ணன் வீட்டுப் பின்னறையில் சுவரே தெரியவில்லை. நான்கு பக்கமும் போர்வைகள் தொங்கின. ஒன்றில் பூ, ஒன்றில் கட்டம், ஒன்றில் குழந்தைகளுக்கான யானைப் படம். ஜன்னலை ஒரு பழைய மெத்தை அடைத்துக்கொண்டு நின்றது. ஏர்கோன் சத்தம் மைக்கில் விழும் என்று அதையும் நிறுத்திவிட்டார். அந்துருண்டை வாசனையும் புழுக்கமுமாக இருந்தது அறை.

நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் நான். காதில் ஹெட்போன், முகத்துக்கு நேரே மைக். மூச்சு மைக்கில் மோதாமல் இருக்க, ஒரு கம்பி வளையத்தில் பெண்கள் காலில் போடும் மெல்லிய ஸ்டாக்கிங்ஸை இழுத்துக் கட்டி முன்னால் நிறுத்தியிருந்தார். கடையில் வாங்க முடியாதவர் இல்லை. இருப்பதை வைத்து ஒப்பேற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

“ஆள் இல்லாம பாடறது ஒரு மாதிரிதான் இருக்கும் தங்கச்சி. எதிர்ல முகம் இருக்காது, கைதட்டு வராது. கொஞ்சம் பழகணும்,” என்றார்.

சிரிக்கிற மனநிலையில் நான் அன்று இல்லை. ஆனாலும் சிரிப்பு வந்தது. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்பதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மெர்லிமாவ் தேவி

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் சிலர், ஜாசினில் நான் வேலை செய்யும் கிளினிக்குக்கு வரும்போது கவுண்டரில் குனிந்து கேட்கிறார்கள்: “இப்பல்லாம் ஏன் மேடையில பாடறதில்ல?” நான் அவர்களுக்கு நம்பர் கொடுத்து உட்காரச் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு வந்தவரிடம் சொல்கிற கதையா அது.

குணா அண்ணன் நடத்திய இசைக்குழுவில் கல்யாணமாகாத பெண்ணாகச் சேர்ந்தேன். அவர் கீபோர்ட், நான் பாட்டு. மெர்லிமாவில் தொடங்கிய குழு என்பதால் மேடையில் என்னை ‘மெர்லிமாவ் தேவி’ என்று அறிவிப்பார். நான் இருப்பது பெம்பானில். பெம்பான் தேவி என்றால் எடுப்பாக இல்லையாம்.

மலாக்கா மாநிலத்தில் நாங்கள் பாடாத டேவான் இல்லை. எஸ்டேட் பொது மண்டபம், பள்ளிக்கூட மண்டபம், பிறகு ஏர்கோன் போட்ட பெரிய கல்யாண மண்டபங்கள் எல்லாவற்றிலும் பாடியிருக்கிறேன்.

கல்யாண விருந்தில் பாடுகிறவளுக்கு என்ன மரியாதை என்று பலருக்குத் தெரியாது. நான் கண்ணை மூடி உருகிக்கொண்டிருப்பேன். எதிரே ஆட்டுக்கறி தீர்ந்துவிடுமோ என்ற கவலையில் ஒரு வரிசை நிற்கும். முன் மேசையில் ஒரு மாமா, “சவுண்டைக் குறைக்கச் சொல்லு லா,” என்று கையாட்டுவார். பிள்ளைகள் பலூனை மிதித்து உடைப்பார்கள்.

ஒரு முறை பாட்டின் நடுவில் கரண்ட் போய்விட்டது. மைக் செத்துவிட்டது. நானும் நிறுத்திவிட்டேன். யாருக்கும் தெரியவில்லை. இருட்டில் ஓர் அம்மாவின் குரல் மட்டும் நிம்மதியாகக் கேட்டது: “அப்பாடா, இப்பதான் பேசறது காதுல விழுது.”

ஆனாலும் மேடை எனக்கு வேண்டியிருந்தது. யாராவது ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நம்பித்தான் ஒவ்வொரு முறையும் ஏறினேன். அந்த நம்பிக்கையை யாரும் கெடுக்கவில்லை, வளர்க்கவும் இல்லை.

என் கணவர் செல்வத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டியவர். எல்லா நிகழ்ச்சிக்கும் என்னைக் காரில் கொண்டுவந்து விடுவார். விட்டதும் வெளியே காரிலேயே சீட்டைச் சாய்த்துத் தூங்கிவிடுவார். ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்டதில்லை. திரும்பும் வழியில், “எப்படிப் பாடினேன்?” என்று கேட்டால், “நீ நல்லாத்தான் பாடுவே,” என்பார். பார்க்காமலே கையெழுத்துப் போடுகிற மேனேஜர் மாதிரி.

அண்ணனின் பாட்டு

குணா அண்ணன் சொந்தமாக ஒரே ஒரு பாட்டுதான் கட்டினார். மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது பாடும் வரவேற்புப் பாட்டு. சொல்லும் அவருடையது, மெட்டும் அவருடையது. ‘வாசல் திறந்தது வா மகளே’ என்று தொடங்கும். எங்கள் குழுவைக் கூப்பிடுகிறவர்கள் அந்தப் பாட்டுக்காகத்தான் கூப்பிடுவார்கள்.

முதல் பகுதி மேல் ஸ்தாயியில் துள்ளிக்கொண்டு போகும். இரண்டாவது பகுதியில் ஒரு வரி மட்டும் திடீரெனக் கீழே இறங்கும். ‘பிறந்த வீட்டு வாசனையைக் கூந்தலில் கொண்டு வா’ என்பது அந்த வரி.

நான் அந்த வரிக்கு வரும் நேரமும் மணமக்கள் மேடைப் படியில் கால் வைக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். பட்டாசுக் குழாயைத் திருகி வண்ணத் தாளைப் பறக்கவிடுவார்கள். டமார் டமார் என்று சத்தம், விசில், கைதட்டு. டிரம்ஸ்காரரும் தன் பங்குக்கு வெளுத்து வாங்குவார். அந்த வரியை நான் பாடினேனா, வாயை மட்டும் அசைத்தேனா என்று எனக்கே சந்தேகமாக இருக்கும்.

எத்தனையோ கல்யாணம். அந்த வரி என் காதில் ஒரு முறைகூட விழுந்ததில்லை.

வருஷம் திரும்பவில்லை

செல்வம் செம்பனை எண்ணெய் ஆலை வாசலில் லாரி வரிசையில் இறந்தார். மாரடைப்பு. முன்னால் இருந்த லாரிகள் நகர்ந்துவிட்டன, இவருடையது நகரவில்லை. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். தூங்கிவிட்டார் என்று நினைத்தார்களாம். அவரைத் தெரிந்தவர்கள் அப்படித்தான் நினைத்திருப்பார்கள்.

அந்த ஹாரன் சத்தத்தை நான் கேட்கவில்லை. ஆனால் இன்றும் சாலையில் எவனாவது அழுத்தி ஹாரன் அடித்தால் நான் காரை ஓரம் கட்டிவிடுவேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. சொந்தக்காரர்கள் போனார்கள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. பெம்பானில் எங்களுடையது வரிசை வீடு. பக்கத்து வீட்டில் மிளகாய் வதக்கினால் எங்கள் வீட்டில் இருமல் வரும். ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது என்னை அறியாமல் ஏதோ முனகியிருக்கிறேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் வந்து நின்றாள். நல்லவள். காரியத்தன்று விடியும்முன் வந்து எங்கள் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தவள் அவள்தான்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் வருஷம் திரும்பல. கேக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க லா,” என்றாள்.

எங்கள் வழக்கம் அது. சாவு விழுந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குக் கொண்டாட்டம் கிடையாது. கோயிலும் இல்லை, தீபாவளியும் இல்லை, பாட்டும் இல்லை. நான் மறுக்கவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

அன்று இரவு சாப்பிடவில்லை. புருஷன் போன துக்கத்தோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை. வாய் இருக்கிறது, அதைச் சோறு தின்ன மட்டும் வைத்திருக்கச் சொல்கிறார்கள். அப்படித்தான் இருந்தது.

செம்பனை மரத்தடியில்

கிளினிக் வேலை முடிந்து வரும் வழியில் செம்பனைத் தோட்டத்துக்குள் ஒரு மண் சாலை பிரியும். ஒரு நாள் மழை பெய்து விட்டிருந்தது. காரணம் எதுவும் இல்லாமல் அதில் திருப்பினேன். கொஞ்ச தூரம் உள்ளே போய் எஞ்சினை அணைத்தேன். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது.

அவருடைய கார் அது. டாஷ்போர்டில் அவர் முகம் துடைக்கும் துண்டு. உள்ளே டீசல் வாசனை இன்னும் போகவில்லை. வெளியே அழுகிய பனம்பழ வாசனை. மரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் கூரையில் தாளம் தவறிப் போட்டுக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்தேன். வந்தது அந்த வரவேற்புப் பாட்டுதான். வருஷம் திரும்பாத விதவை செம்பனைத் தோட்டத்தில் உட்கார்ந்து கல்யாணப் பாட்டுப் பாடினாள் என்றால் ஊர் என்ன சொல்லும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. கார்க் கண்ணாடிதான் எனக்குக் கிடைத்த மூடி.

மேடைப் பழக்கத்தில் முதலில் கத்தினேன். டிரம்ஸை மீறி, கறி வரிசையை மீறிப் போக வேண்டும் என்று பழகிய தொண்டை. காருக்குள் அது எனக்கே காது வலித்தது. குறைத்தேன். மறுபடி குறைத்தேன். பேசுகிற அளவுக்கு வந்ததும் என் குரலுக்குள் எனக்குத் தெரியாத ஒருத்தி இருப்பது தெரிந்தது. வயசானவள். கொஞ்சம் கரகரப்பு. அவசரமே இல்லாதவள்.

அந்தக் கீழ் வரி வந்தது. ‘பிறந்த வீட்டு வாசனையை…’

அது அழுகிற வரி என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இத்தனை கல்யாணத்தில் பட்டாசு வெடித்தது அந்த அழுகையின் மேல்தான். திரும்பத் திரும்ப அந்த ஒரு வரியையே பாடினேன். மூச்சுப் பட்டுக் கண்ணாடி வெளுத்துவிட்டது. மரங்கள் தெரியவில்லை. மோட்டார் சைக்கிளில் போன இரண்டு வங்காளதேசத் தொழிலாளிகள் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று நினைத்தார்களோ.

அதன் பிறகு முடிந்த நாளெல்லாம் போனேன். போனில் பதிவு செய்துகூடப் பார்க்கவில்லை. தினமும் ஏதாவது ஒன்று பிடிபடும். ஒரு நாள் ஒரு சங்கதி, ஒரு நாள் மூச்சு எங்கே வாங்குவது என்பது. யாரும் பாராட்டவில்லை, யாரும் பார்க்கவும் இல்லை. ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது பசித்தது. சாப்பிட்டேன். திருப்தி என்றால் அந்த மாதங்களில் எனக்கு அதுதான்.

சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். பாட்டு முடிந்து எஞ்சினைத் திருகும்போது பக்கத்து சீட் காலியாகவே இருக்கும். தூங்குவதற்குக்கூட ஆள் இல்லை.

வராத அழைப்பு

வருஷம் திரும்பியது. திதி கொடுத்தாயிற்று. இனிப் பாடலாம். நான் போனைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தேன்.

ஒரு கல்யாண சீசன் போனது. இன்னொன்றும் போனது. குழுவின் விளம்பரத்தில் புதிதாக ஒரு பெண்ணின் படம் வந்தது. நல்ல களையான பிள்ளை. அண்ணனுக்குப் போன் செய்தால், “ரெஸ்ட் எடும்மா, அவசரமென்ன,” என்பார். களைப்பாக இருக்கிறது என்று நான் யாரிடமும் சொல்லவில்லை.

அழைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். பதினாறாம் நாள் வீடுகளில் தேவாரம் பாடக் கூப்பிட்டார்கள். இரண்டு வீட்டுக்குப் போனேன். இரண்டாவது வீட்டில் கைகழுவும்போதுதான் உறைத்தது: சாவு வீட்டுக்கு நான் ஆவேன், கல்யாண வீட்டுக்கு ஆக மாட்டேன். மணப்பெண் உள்ளே வரும்போது வரவேற்றுப் பாடுகிறவள் நெற்றியில் பொட்டில்லாமல் நிற்கலாமா? யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை. அதுதான் இதில் கெட்டிக்காரத்தனம்.

கோபம் வந்தது. அதைவிட அவமானமாக இருந்தது. செத்தது அவர். என் தொண்டைக்கு என்ன ஆயிற்று?

அப்படி இருக்கும்போதுதான் யாமினிக்குக் கல்யாணம் நிச்சயமானது. யாமினி குணா அண்ணனின் ஒரே மகள். மேடைக்குப் பின்னால் என் மடியில் தூங்கி வளர்ந்தவள். மாப்பிள்ளை வீடு லூபோக் சீனா பக்கம். அண்ணனே போன் செய்தார்.

“யாமினி ஒத்தக் கால்ல நிக்கிறா. அத்தை பாடினாத்தான் மண்டபத்துக்குள்ள வருவேன்னு சொல்லிட்டா. நீ வரணும் தங்கச்சி.”

வருகிறேன் என்றேன். போனை வைத்ததும் அலமாரியில் இருந்து அரக்குப் பட்டுப் புடவையை எடுத்தேன். மடிப்பு விழுந்து போயிருந்தது. இஸ்திரி போட்டு ஹேங்கரில் தொங்கவிட்டேன். அன்று மாலை தோட்டத்துக்குப் போகவில்லை. மேடைக்குத் திரும்பப் போகிறவளுக்குச் செம்பனை மரம் எதற்கு என்று நினைத்தேன்.

போர்வை அறையில்

அண்ணன் வீட்டுக்குப் போனதும் காப்பி கொடுத்தார். பிறகு டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“இங்கயே ஒரு டேக் பாடிக் குடுத்துரு. அன்னைக்கு மேடையில அந்தப் புதுப் பொண்ணு நிக்கும், சும்மா வாயசைக்கும். குரல் உன்னோடதுதான். யாமினிக்கு வித்தியாசம் தெரியாது, அவ உள்ள நுழையற பதட்டத்துல இருப்பா.”

“ஏன்ணே?”

“சம்பந்தி வீடு பழைய ஆளுங்க மா. உங்க அண்ணியும் பயப்படறா. எனக்கு ஒன்னும் இல்ல, நீ என்னைத் தப்பா நெனச்சிடாதே.”

எழுந்து போயிருக்கலாம். எழவில்லை. பாட்டு என்று ஒன்று கண்ணில் காட்டிவிட்டால் எனக்குக் கால் நகராது. அப்படித்தான் அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்தேன். ஆள் இல்லாமல் பாடப் பழக வேண்டும் என்று அவர் சொன்னதும் அப்போதுதான்.

“மொதல்ல ஒரு தடவை சும்மா பாடு. சவுண்ட் லெவல் பாத்துக்கறேன். பிறகு ரெக்கார்ட் போடலாம்,” என்றார்.

ஹெட்போனில் கீபோர்ட் தொடங்கியது. நான் கண்ணை மூடவில்லை. யானைப் படத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். கத்தாமல், காரில் பாடுகிற மாதிரி. என் மூச்சு எனக்கே காதுக்குள் கேட்டது. மேலே போகும் வரிகளை லேசாகத் தொட்டுவிட்டு வந்தேன். கீழ் வரி வந்தபோது நானாக எதுவும் செய்யவில்லை, அது தானாக இறங்கியது. செல்வம் போனதும், வேலியோரம் வாயை மூடியதும், இஸ்திரி போட்ட புடவையும் எல்லாம் அதில் இறங்கின. இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பாடியதில்லை. இனிப் பாடுவேனா என்றும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. அண்ணன் கைகள் கீபோர்ட் மேலேயே இருந்தன.

“அந்த வரியை யாமினி பொறந்தப்ப எழுதினேன் மா,” என்றார் மெதுவாக. “நானே இப்பதான் கேக்கறேன்.”

மூக்கை உறிஞ்சிவிட்டு மவுஸைப் பிடித்தார். “சரி. லெவல் கரெக்டா இருக்கு. இப்ப ரெக்கார்ட் போடறேன், இதே மாதிரி பாடு.”

நான் ஹெட்போனைக் கழற்றினேன்.

“பாடிட்டேன்ணே.”

“அது ரெக்கார்ட் ஆகல தங்கச்சி. சும்மா டெஸ்ட்டு.”

“தெரியும்ணே. எனக்குப் போதும்.”

அவருக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் முகம் சுருங்கியது. “யாமினிக்கு நான் என்ன சொல்வேன்?” என்றார். என்னிடம் கேட்கிற கேள்வியா அது.

“என் குரலை மட்டும் தனியா அனுப்ப எனக்குத் தெரியலண்ணே,” என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அழுகை வந்துவிடும் போலிருந்தது, அதனால் சுருக்கமாகச் சொன்னேன். மேடை எனக்கு வேண்டாம் என்று ஆகிவிடவில்லை. அன்றும் வேண்டியிருந்தது, இன்றும் வேண்டும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது யாமினி மாடியிலிருந்து ஓடி வந்தாள். கையில் வளையல் அளவு பார்க்கும் நூல். “பிராக்டிஸ் முடிஞ்சிருச்சா அத்தை? அன்னைக்கு என்ன கலர் புடவை? நான் உங்களத்தான் பாத்துக்கிட்டே நடந்து வருவேன், இல்லன்னா பயத்துல விழுந்துடுவேன்.”

அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

“நான் அன்னைக்கு வரலம்மா,” என்றேன்.

“ஏன்?”

அவள் கன்னத்தைத் தொட்டேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“அப்பாவைக் கேளு.”

காருக்குள் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாமினி கேட்பது கேட்டது. முதலில் சாதாரணமாகக் கேட்டாள். பிறகு குரலை உயர்த்திக் கேட்டாள். நான் வண்டியை எடுக்கும்வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தாள்.